கடைமடைக்கு வரும் மென்பொருள்

2025 ஆகஸ்ட் 9 அன்று வெளிவந்த டெபியன் 13 லினக்ஸ் வழங்கலில் 69,830 மென்பொருள் பொதிகள் இருக்கின்றன. எழுத்துரு, உலாவி, கணக்கு மென்பொருள், நட்சத்திர வரைபடம், சதுரங்கம், தமிழ்99 விசைப்பலகை என்று எதைக் கேட்டாலும் ஒரே களஞ்சியத்திலிருந்து, ஒரே கட்டளையில், காசில்லாமல் இறங்கும். இவற்றைக் கட்டிக் கொடுப்பவர்கள் உலகெங்கும் சிதறியிருக்கும் சுமார் ஆயிரம் தன்னார்வலர்கள். இதற்கு இணையான கூட்டுமுயற்சி என்று விக்கிப்பீடியாவைத் தவிர வேறொன்றைச் சட்டெனச் சொல்லிவிட முடியாது. இருந்தும் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக லினக்ஸ் உலகில் கசப்பாக நடக்கும் சண்டைகளில் ஒன்று இந்தப் பொதிமுறையைப் பற்றியதுதான். போன நூற்றாண்டின் ஏற்பாடு இது, தூக்கிப் போடவேண்டியது என்கிறது ஒரு தரப்பு. இதைக் கைவிட்டால் பாதுகாப்பே போய்விடும் என்கிறது இன்னொரு தரப்பு.

சண்டை பெரும்பாலும் மென்பொருளை எழுதுகிறவருக்கும் அதைப் பொதியாகக் கட்டி வழங்குகிறவருக்கும் இடையில் நடக்கிறது. பயன்படுத்துகிறவர் அந்தப் பேச்சில் எப்போதாவதுதான் வருகிறார். அம்பாசமுத்திரத்திலோ ஏரலிலோ உட்கார்ந்து, அரசு கொடுத்த பழைய லேப்டாப்பில், நாளுக்கு 1.5 ஜிபி மொபைல் டேட்டாவை வைத்துக்கொண்டு, தமிழில் தட்டச்சுச் செய்கிறவர் வருவதே இல்லை. அவரை மனத்தில் வைத்து இந்தக் கேள்வியை ஒருமுறை முழுதாகப் பார்க்கலாம்.

1990களின் தொடக்கத்தில் லினக்ஸ் மென்பொருள் வேண்டுமென்றால் மூலநிரலை இறக்கித் தன் கணினியிலேயே தொகுத்துக்கொள்ள வேண்டும். 1993இல் வந்த ஸ்லாக்வேர், தொகுத்து முடித்த கோப்புகளைச் சுருட்டிக் கொடுத்தது. ஆனால் எந்த மென்பொருள் எதை நம்பி நிற்கிறது என்ற கணக்கு அதனிடம் இல்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 16இல் இயன் மர்டாக் டெபியன் திட்டத்தை அறிவித்தார். சீக்கிரமே டெபியனுக்கு டிபிகேஜி என்ற கருவியும், 1995இல் ரெட் ஹேட்டுக்கு ஆர்பிஎம் என்ற கருவியும் கிடைத்தன. இன்றுவரை லினக்ஸ் வழங்கல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவையே. பொதிக்குள் தொகுத்த கோப்புகளோடு, அது ஓடுவதற்கு வேறு என்னென்ன பொதிகள் வேண்டும் என்ற பட்டியலும், நிறுவும்போது ஓடவேண்டிய சில கட்டளைகளும் இருக்கும். பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தேடி இறக்கும் வேதனையை 1999இல் டெபியன் 2.1 ஒழித்தது. அதில் வந்த ஆப்ட், கேட்ட பொதியையும் அதற்குத் தேவையான மற்றவற்றையும் தானே கொண்டுவந்து சேர்த்தது. இன்று போனில் பிளே ஸ்டோரைத் தட்டுகிறவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. அன்றைக்கு விண்டோஸ் பயனர்கள் ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனிக் குறுந்தகடு தேடிக்கொண்டிருந்தார்கள்.

இதன் அடிப்படை சிக்கனம். நூறு மென்பொருள்களுக்கு ஒரே குறியாக்க நிரலகம் தேவையென்றால் அது வட்டில் ஒருமுறைதான் இருக்கும், நினைவகத்திலும் ஒருமுறைதான் ஏறும். நூற்றுக்கும் அது ஒரே பதிப்பு. அந்த ஒரே பதிப்பு எல்லாவற்றோடும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் வழங்கலைப் பராமரிப்பவர்களின் வேலை. டெபியன் சுமார் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் உறையவைத்து, மாதக்கணக்கில் பிழை பார்த்து, பிறகே நிலைப் பதிப்பாக வெளியிடுகிறது. வெளியிட்ட பின் பாதுகாப்புத் திருத்தங்களும் முக்கியமான பிழைத்திருத்தங்களும் மட்டும் உள்ளே போகும். புதிய வசதி வேண்டுமானால் அடுத்த பதிப்புவரை காத்திருக்க வேண்டும்.

சிக்கல் இங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒரு மென்பொருளுக்குப் புதிய நிரலகமும் இன்னொன்றுக்குப் பழையதும் வேண்டுமென்றால், ஒரே இடத்தில் ஒரே பதிப்பு என்ற விதி குறுக்கே நிற்கும். நிறுவும்போது ஓடும் கட்டளைகள் முழு நிர்வாகி உரிமையோடு ஓடுகின்றன. அவற்றில் ஒரு பிழை இருந்தால் கணினி முழுக்கப் பாதிக்கும். திரும்பிப் போகவும் வழி இல்லை. பாதி மேம்படுத்தலில் மின்சாரம் போனால், பழையதும் புதியதுமாகக் கலந்த கணினிதான் மிச்சம். 2012ஐ ஒட்டிய மின்வெட்டுக் காலத்தில் தென்மாவட்டங்களில் மேசைக்கணினி வைத்திருந்தவர்களுக்கு இது ஏட்டுப் பிரச்சினையாகத் தெரிந்திருக்காது.

எழுதுகிறவர்களின் குறை வேறு. லினக்ஸ் கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே 2014இல் போர்ட்லாண்டில் நடந்த டெபியன் மாநாட்டில் இதைப் போட்டுடைத்தார். நீர்மூழ்குவோருக்காக அவர் தொடங்கிய சப்சர்ஃபேஸ் என்ற மென்பொருளுக்கு விண்டோஸ், மேக் இரண்டுக்கும் ஆயத்தக் கோப்புகள் தயாரிக்க முடிகிறது. லினக்ஸுக்கு மட்டும் முடியவில்லை, வழங்கலுக்கு வழங்கல், பதிப்புக்குப் பதிப்பு தனித்தனியாகக் கட்டவேண்டியிருக்கிறது என்பது அவர் புகார். லினக்ஸைச் செய்தவருக்கே லினக்ஸில் மென்பொருள் கொடுப்பது இத்தனை பாடு என்றால் மற்றவர்களைக் கேட்கவே வேண்டாம்.

மாணவர்களிடம் இதே சிக்கல் வேறு வடிவில் போய்ச் சேர்கிறது. தமிழ்நாட்டுப் பிளஸ் டூ கணினி அறிவியலில் பைதான் பாடம் இருக்கிறது. கல்லூரிக்குப் போன பிறகு டெபியன் 12இலோ அண்மைய உபுண்டுவிலோ பைதான் நிரலகம் ஒன்றைப் பிப் வழியாக நிறுவப் போனால், இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது, இங்கே கை வைக்காதே என்று கணினி மறுத்துவிடும். இயக்குதளமே பைதானை நம்பி நிற்கிறது. பிப் கொண்டுவரும் புதிய பதிப்பு அதைக் குலைத்துவிடக்கூடும். அதனால் 2023 முதல் இந்தத் தடை நடைமுறைக்கு வந்தது. காரணம் நியாயமானது. பாடநூலில் அந்தக் காரணம் இல்லை என்பதால் மாணவருக்கு அது பிழைச் செய்தியாக மட்டுமே தெரியும். பைதான், ஜாவாஸ்கிரிப்ட், ரஸ்ட் என ஒவ்வொரு மொழியும் தனக்கென ஒரு களஞ்சியம் கட்டிக்கொண்டதால், இயக்குதளத்தின் களஞ்சியத்தோடு அவை மோதுவது அன்றாடமாகிவிட்டது.

மாற்றாக வந்தவை பல. 2013இல் டாக்கர், சர்வர் உலகில் மென்பொருளை அதன் சூழலோடு சேர்த்தே பெட்டியாக்கியது. மேசைக்கணினிக்கு ஆப்இமேஜ், கனோனிக்கலின் ஸ்னாப், ரெட் ஹேட்டைச் சேர்ந்த அலெக்சாண்டர் லார்சன் தொடங்கிய ஃபிளாட்பேக் ஆகியவை வந்தன. ஃபிளாட்பேக் 2016இல் அந்தப் பெயரைப் பெற்றது. வேறுபாடுகள் இருந்தாலும் இந்த மூன்றிலும் எண்ணம் ஒன்றே. மென்பொருள் தனக்கு வேண்டியவற்றைத் தானே சுமந்து வரட்டும், எந்த வழங்கலிலும் ஓடட்டும். ஸ்னாப்பும் ஃபிளாட்பேக்கும் கூடுதலாக ஒரு வேலியும் போடுகின்றன. உள்ளே ஓடும் மென்பொருளுக்கு அனுமதி இல்லாமல் உங்கள் கோப்புகள் எட்டாது.

தாமிரபரணிப் பாசனத்தை அறிந்தவர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் புரியும். கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம்வரை எட்டு அணைக்கட்டுகள். ஆற்றுநீர் அவற்றில் தேங்கி, கால்வாயில் திரும்பி, முறைப்படி கடைமடைவரை போகிறது. தாமதமாகும், முறைக்குக் காத்திருக்க வேண்டும், தலைமடைக்காரர் அடைத்துக்கொண்டால் சண்டை வரும். ஆனால் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று ஓரிடத்தில் பார்த்தால் போதும். பெட்டிமுறை என்பது வயலுக்கு வயல் ஆழ்துளைக் கிணறு. யாருக்கும் காத்திருக்க வேண்டாம். எந்தக் கிணற்றில் உப்பேறிவிட்டது என்பதை மட்டும் அவரவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மென்பொருளில் உப்பேறுவது என்றால் பாதுகாப்பு ஓட்டை. இந்தக் கேள்வியின் கனமான பகுதி இதுதான் என்பதால் சற்று நின்று பார்க்கலாம். 2014 ஏப்ரலில் ஓபன்எஸ்எஸ்எல் நிரலகத்தில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிப்பட்டது. உலகின் இணையதளங்களில் பெரும்பகுதி அதை நம்பி இருந்தது. லினக்ஸ் வழங்கல்கள் ஒரே ஒரு பொதியைத் திருத்தி அனுப்பின. அதைப் பகிர்ந்துகொண்ட எல்லா மென்பொருளும், ஒருமுறை நிறுத்தித் தொடங்கியதும், பாதுகாப்பாகின. 2021 டிசம்பரில் லாக்4ஜே ஓட்டை வந்தபோது கதை தலைகீழ். ஜாவா மென்பொருள்கள் அந்த நிரலகத்தைத் தங்கள் வயிற்றுக்குள்ளேயே சுமப்பவை. எங்கெங்கே அது ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கவே நிறுவனங்கள் மாதக்கணக்கில் அலைந்தன. 2023 செப்டம்பரில் படங்களைக் காட்டும் லிப்வெப்பி நிரலகத்தில் வந்த ஓட்டையும் அப்படியே. உலாவியின் எஞ்சினைச் சுமந்துவரும் மேசைக்கணினிச் செயலிகள் ஒவ்வொன்றும் தனித்தனியே திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது.

இந்த மூன்றையும் பார்த்தால் பழைய முறையே மேல் என்று தோன்றும். ஆனால் 2008 மே 13ஐ டெபியன்காரர்கள் மறக்கமாட்டார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஓபன்எஸ்எஸ்எல் பொதியைப் பராமரித்தவர் ஒரு சோதனைக் கருவி காட்டிய எச்சரிக்கையை நீக்குவதற்காகச் சில வரிகளை எடுத்திருந்தார். அதனால் மறைக்குறியீட்டுச் சாவிகளை உருவாக்கும் தற்செயல்தன்மையே போய்விட்டது. ஒரு வகைக் கணினிக்கு, ஒரு நீளத்துக்கு, 32,768 சாவிகளுக்குள்தான் எதுவும் அமையும் என்ற நிலை. டெபியனும் உபுண்டுவும் ஓடிய எல்லாக் கணினிகளிலும் இரண்டு ஆண்டுகள் உருவான சாவிகளைத் தூக்கி எறிய வேண்டியிருந்தது. மூலத்தை எழுதியவர்கள் செய்யாத தவறு. நடுவில் கை வைத்தவர் செய்தது. பொதி கட்டுகிறவர்களின் மேற்பார்வை வேண்டும் என்று வாதிடும் எவரும் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

2024 மார்ச் 29 இன்னும் சிக்கலான பாடம். எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியைப் பல ஆண்டுகளாக ஏறக்குறைய தனியாளாக ஒருவர் பராமரித்து வந்தார். ஜியா டான் என்ற பெயரில் வந்த ஒருவர் ஓரிரு ஆண்டுகள் பொறுமையாக உதவி செய்து, நம்பிக்கை பெற்று, வெளியிடும் உரிமையும் வாங்கி, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் புறவாசல் ஒன்றை வைத்துவிட்டார். எல்லோரும் பார்க்கக்கூடிய மூலநிரல் வரலாற்றில் அதை உசுப்பிவிடும் வரிகள் இல்லை. வழங்கல்கள் எடுத்துக்கொள்ளும் வெளியீட்டுக் கோப்பில் மட்டும் அவை சேர்ந்திருந்தன. டெபியனும் ஃபெடோராவும் எஸ்எஸ்எச் சேவையில் தாங்களாகச் செய்திருந்த ஒரு மாற்றத்தால்தான் அந்தப் புறவாசல் அங்கே எட்டியது. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், டெபியனின் நிலையற்ற கிளையில் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, விடாமல் தோண்டி, அதைக் கண்டுபிடித்தார்.

இதை வைத்து இரு தரப்பும் தத்தம் கட்சிக்கு வாதாடுகின்றன. வழங்கல்கள் செய்த மாற்றம்தானே வாசலைத் திறந்தது என்று ஒருவர். உறையவைக்கும் விதியால்தானே டெபியனின் நிலைப் பதிப்புக்குள் அது நுழையவில்லை என்று மற்றவர். இரண்டுமே உண்மை. என் கணிப்பில் இரண்டாவதற்குத்தான் எடை அதிகம். மூலத்தில் வெளியான அன்றே பயனருக்குப் போய்ச் சேரும் முறையில், அந்த அரை நொடியைக் கவனிக்க யாருக்கும் அவகாசம் இருந்திருக்காது. தாமதம் என்று நாம் திட்டுவதில் ஒரு பங்கு சோதனைக் காலம்.

மூன்றாவது ஒரு வழியும் இருக்கிறது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஈல்கோ டோல்ஸ்ட்ரா 2006இல் முடித்த முனைவர் ஆய்வேட்டிலிருந்து வளர்ந்தது நிக்ஸ். ஒவ்வொரு பொதியும், அது எவற்றிலிருந்து கட்டப்பட்டதோ அவற்றின் கணக்கை முத்திரையாகத் தாங்கிய தனி அடைவில் இருக்கும். ஒரே நிரலகத்தின் பத்துப் பதிப்புகள் சண்டையில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் வாழும். மேம்படுத்தல் பிடிக்கவில்லையென்றால் நேற்றைய நிலைக்குத் திரும்பலாம். இன்று அதன் களஞ்சியத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் பொதிகள் இருக்கின்றன. அறிவுக்கு மிக நிறைவான தீர்வு இது. ஆனால் அதற்கென ஒரு நிரல்மொழியையே கற்கவேண்டும், வட்டு இடமும் தாராளமாக வேண்டும். கடைமடையில் இரண்டுக்கும் தட்டுப்பாடு.

இதன் சாரத்தை மட்டும் எளிமையாக எடுத்துக்கொண்டவை மாறாத் தளங்கள். இயக்குதளம் முழுவதும் எழுத முடியாத ஒரே பிம்பமாக வரும். மேம்படுத்தல் என்றால் புதிய பிம்பம் பக்கத்தில் வந்து உட்காரும். கணினியை மறுபடி தொடங்கும்போது அதற்கு மாறிக்கொள்ளும். சரியில்லையென்றால் பழையதே தொடரும். ஃபெடோரா சில்வர்புளூ 2018இல் இப்படி வந்தது. இது புதுமை என்று நினைத்தால், நம் சட்டைப்பையைத் தொட்டுப் பார்க்கலாம். ஆண்ட்ராய்டு 2016இல் 7ஆம் பதிப்பிலேயே இரட்டைப் பிம்ப மேம்படுத்தலைக் கொண்டுவந்துவிட்டது. ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான். பேட்டை மார்க்கெட்டில் ஜிபே காட்டும் வியாபாரியும் பொதிமுறைச் சீர்திருத்தத்தைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறார்.

இனி தமிழுக்கு வருவோம். தமிழ்ப் பயனருக்கு மென்பொருள் வேலை செய்வது என்றால் அது திறப்பது மட்டும் போதாது. தமிழ்99இலோ தட்டச்சு முறையிலோ எழுத வரவேண்டும். கொம்பும் காலும் உரிய இடத்தில் விழவேண்டும். பட்டிகள் தமிழில் வரவேண்டும். டெபியனில் இதெல்லாம் பொதிகளாக இருக்கின்றன. லோகித் தமிழ் எழுத்துரு, டிஸ்கி காலத்து எழுத்துருக்களின் யூனிகோடு வடிவங்கள், லிப்ரேஆபீஸுக்குத் தமிழ் இடைமுகம், எம்17என் தொகுப்பில் தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், தட்டச்சு, ஒலிப்பு முறைகள், இலங்கையின் ரெங்கநாதன் விசைப்பலகை உட்பட. ஒருமுறை நிறுவினால் எல்லா மென்பொருளிலும் அவை கிடைக்கும், காரணம் எல்லா மென்பொருளும் ஒரே உள்ளீட்டு அமைப்பையும் ஒரே எழுத்துரு அமைப்பையும் பகிர்ந்துகொள்கின்றன.

பெட்டிமுறை இந்தப் பகிர்வை அறுத்துவிடுகிறது. ஆப்இமேஜ் ஒன்றைக் கட்டியவர் ஐபஸ் உள்ளீட்டுச் செருகியைச் சேர்க்க மறந்திருந்தால், கணினி முழுக்கத் தமிழ் வந்தாலும் அந்த ஒரு ஜன்னலில் மட்டும் வராது. கட்டியவர் ஆங்கிலத்திலோ ஜெர்மனிலோ எழுதுகிறவர். அவர் சோதனையில் இந்தக் குறை எட்டிப் பார்க்கவே வாய்ப்பில்லை. ஃபிளாட்பேக் கணினியின் எழுத்துருக்களை உள்ளே காட்டுகிறது, ஐபஸுக்கும் ஒரு வாயில் வைத்திருக்கிறது, பாராட்டவேண்டியது. ஆனால் மொழிபெயர்ப்புகளை, கணினியில் எந்த மொழி அமைத்திருக்கிறதோ அதற்கு மட்டும்தான் இறக்கும். ஆங்கிலத்தில் கணினியை வைத்துக்கொண்டு ஒரு மென்பொருளை மட்டும் தமிழில் பார்க்க விரும்புகிறவர், நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான், அமைப்பில் போய்த் தமிழைச் சேர்க்கத் தெரிந்திருக்க வேண்டும். எழுத்தை வடிவமைக்கும் ஹார்ஃப்பஸ் போன்ற நிரலகத்தில் ஒரு தமிழ்ப் பிழை திருத்தப்பட்டால், பழைய முறையில் அது ஒரே பொதியில் முடிந்துவிடும். பெட்டிமுறையில் அந்த நிரலகத்தைச் சுமக்கும் ஒவ்வொரு பெட்டியும் புதிதாகக் கட்டப்படும்வரை தமிழ் அங்கங்கே உடைந்தே தெரியும்.

பார்வையற்றவர்களுக்கு இது இன்னும் கூர்மையான கேள்வி. பாளையங்கோட்டையில் 1890 முதல் பார்வையற்றோர் பள்ளி நடந்துவருகிறது. இந்த ஊருக்கு இது தூரத்து விஷயம் இல்லை. லினக்ஸில் ஓர்கா என்ற திரைவாசிப்பான் இருக்கிறது, ஈஸ்பீக் தமிழில் பேசும். திரையில் இருப்பதை ஓர்கா வாசிக்கவேண்டுமென்றால் ஒவ்வொரு மென்பொருளும் தன் ஜன்னலுக்குள் என்ன இருக்கிறது என்று அதற்குச் சொல்லவேண்டும். வேலி போட்ட பெட்டிகளில் அந்த வழியைத் தனியாகத் திறந்துவிட வேண்டியிருக்கிறது. பாதுகாப்புக்காகப் போட்ட வேலி திரைவாசிப்பானையும் அந்நியனாக நடத்துகிறது.

தமிழ்நாட்டு அரசின் அனுபவம் இந்த விவாதத்தில் அதிகம் பேசப்படாதது. 2000களின் நடுவில் பிளஸ் டூ கணினிப் பாடநூலே ஸ்டார் ஆபீஸைக் கற்பித்தது. ஐஏஎஸ் அதிகாரி உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில் மாநில அரசின் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறியது. அது ஆர்பிஎம் குடும்பம். இதற்கிடையில் சென்னை சி-டாக் 2007இல் பாஸ் லினக்ஸின் முதல் பதிப்பை வெளியிட்டது. அது டெபியன் குடும்பம். 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு பாஸும் சேர்ந்தே வந்தது. ஆக, சில ஆண்டுகளுக்குள் மாநிலம் ஒரு பொதிக் குடும்பத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது. முதலாவதில் பயிற்சி பெற்றவர்கள் இரண்டாவதில் மறுபடி தொடக்கத்திலிருந்து. 50 லட்சத்துக்கு மேல் லேப்டாப்புகள் கொடுக்கப்பட்டும், லினக்ஸ் பகுதியை அழித்துவிட்டு அந்த இடத்தையும் படங்களுக்கு ஒதுக்கிக்கொண்டவர்களைத்தான் ஊர் ஊராகப் பார்க்க முடிந்தது.

பாஸின் தரம் மோசம் என்று இதற்குக் காரணம் சொல்வது எளிது. நான் அப்படி நினைக்கவில்லை. டெபியனை அடியாகக் கொண்டது, இந்திய மொழிகளுக்கு உழைத்தது. குறை வேறிடத்தில் இருந்தது. லேப்டாப்போடு ஒருமுறை கொடுத்துவிட்டால் முடிந்தது என்று அரசு அதை ஒரு பொருளாகவே பார்த்தது. டெபியனின் நிலைப் பதிப்பு ஒன்றுக்கு நீட்டித்த ஆதரவையும் சேர்த்துச் சுமார் 5 ஆண்டுகள்தான் ஆயுள். அதற்குள் அடுத்த பதிப்புக்கு மாறவேண்டும். வள்ளியூர் மாணவி எங்கே போய் மாறுவாள்? இணையம் இல்லாத வீட்டில் அந்தக் களஞ்சியமே எட்டாத தூரத்தில் இருந்தது. அவளுக்குத் தெரிந்த சர்வீஸ் கடைக்காரருக்கு விண்டோஸ் மட்டும்தான் தெரியும்.

ஆரியங்காவு கணவாயைத் தாண்டினால் கதை வேறு. கேரளம் 2001இல் தொடங்கிய பள்ளிக் கணினித் திட்டம், இன்றைய கைட், உபுண்டுவை அடியாக வைத்துத் தன் பிம்பத்தைத் தானே கட்டுகிறது. பாடநூலில் வரும் மென்பொருள்கள் அத்தனையும் அதற்குள் இருக்கும். நிறுவ இணையம் வேண்டாம். முக்கியமானது, அடுத்த பதிப்பு வரும்போது ஆசிரியர் பயிற்சியும் கூடவே வரும். தொழில்நுட்பத்தில் அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஒரே குடும்பத்தில் இருபது ஆண்டாக நின்றார்கள், பராமரிப்புக்கு ஆள் வைத்தார்கள். நாம் பிளஸ் ஒன் பாடநூலில் உபுண்டுவைச் சேர்த்தோம், அதோடு நிறுத்திக்கொண்டோம்.

இணையம் எப்போதும் இருக்கும் என்ற நினைப்பும் புதிய முறைகளில் கூடவே வருகிறது. ஃபிளாட்பேக்கில் முதல் மென்பொருளை நிறுவும்போது அதன் அடித்தளமே சில நூறு எம்பி இறங்கும், நாளுக்கு 1.5 ஜிபி வைத்திருப்பவருக்கு அது கணிசமான பங்கு. ஸ்னாப் தானாகவே மேம்படுத்திக்கொள்ளும் வழக்கமுள்ளது. நிறுத்திவைக்கும் வசதி பல ஆண்டு சண்டைக்குப் பின்னரே வந்தது. உபுண்டு 22.04இல் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப்பாக வந்தபோது, சுழலும் வட்டும் 2 ஜிபி நினைவகமும் உள்ள பழைய இயந்திரங்களில் அது திறக்கும் தாமதம் பொறுமையைச் சோதித்தது. 2020இலேயே லினக்ஸ் மின்ட் ஸ்னாப்பைத் தன் வழங்கலில் தடுத்துவிட்டது. அவர்கள் சொன்ன காரணம் வேறு, ஸ்னாப்பை வழங்கும் கடை ஒரே நிறுவனத்தின் பிடியில் இருக்கிறது என்பது. அதுவும் நியாயமான அச்சமே. 2023 டிசம்பர் 17, 18இல் பெய்த மழையை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ.; திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் போனும் இணையமும் நாள்கணக்கில் செத்துக் கிடந்தன. அப்படிப்பட்ட வாரத்தில் ஒரு கணினியை மறுபடி நிறுவவேண்டுமென்றால் பென்டிரைவில் இருப்பதுதான் உண்டு. உபுண்டு 2005 முதல் 2011வரை வீடு தேடிக் குறுந்தகடு அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. களஞ்சியத்தைக் கையில் எடுத்துப் போகலாம் என்ற எண்ணம் பழைய முறையில் பிறவியிலேயே இருந்தது. புதியவற்றில் அது பின்னால் சேர்த்த வசதி.

பொதியே வேண்டாம், உலாவி போதும் என்ற பதிலும் நம் பக்கத்திலிருந்தே வருகிறது. தென்காசி தனி மாவட்டமாவதற்கு முன்பே, 2011இல், மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்த ஜோஹோவின் தொழில் பெரும்பாலும் அதுதான். மென்பொருள் அவர்கள் சர்வரில் ஓடும். பயனர் கணினியில் நிறுவ ஒன்றுமில்லை. அலுவலகங்களுக்கு இது நல்ல தீர்வு. ஆனால் பொதிச் சிக்கல் மறைந்துவிடுவதில்லை, சர்வர் அறைக்கு இடம் மாறுகிறது. அங்கேயும் யாரோ டெபியனையோ ரெட் ஹேட்டையோ பராமரிக்கத்தான் வேண்டும். இணையம் போன நாளில் கடைமடைக்குப் பெட்டியும் இல்லை, கால்வாயும் இல்லை.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் என் முடிவு ஒரு பக்கமாகச் சாயவில்லை, ஆனால் மழுப்பலும் இல்லை. அடித்தளம் மாறாப் பிம்பமாக வரட்டும். மின்சாரம் போனாலும் கெடாதது, நேற்றைக்குத் திரும்பக்கூடியது, பள்ளிக்கும் அரசு அலுவலகத்துக்கும் அதைவிடப் பொருத்தமானது இல்லை. எழுத்துரு, உள்ளீடு, எழுத்து வடிவமைப்பு, பேச்சு, திரைவாசிப்பு ஆகிய மொழி சார்ந்தவை அனைத்தும் அந்த அடித்தளத்தில் பகிர்ந்துகொள்ளும் பொதிகளாகவே இருக்கவேண்டும். இவற்றைப் பெட்டிகளின் தயவில் விடக்கூடாது. காணொளித் தொகுப்பி, வரைகலை மென்பொருள் போல வேகமாக மாறுகிறவை பெட்டியாக வந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. தனி வழங்கல் கட்டுவதை மாநில அரசு கைவிட்டு, டெபியனில் ஏற்கெனவே இருக்கும் தமிழ்ப் பொதிகளைப் பராமரிக்கச் சிலருக்குச் சம்பளம் கொடுத்தால் அதன் பயன் உபுண்டு, பாஸ், கைட் எல்லாவற்றுக்கும் தானாகவே போய்ச் சேரும்.

அரசு வரும்வரை காத்திருக்க வேண்டாத வேலைகளும் உண்டு. டெபியனின் நிலைப் பதிப்பு ஒன்றை, ஒரே வகைச் செயலிக்கு மட்டும், முழுக்கப் பிரதியெடுத்து வைக்க ஒரு சாதாரண 1 டிபி வட்டு போதும். அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிறது, திருநெல்வேலியில் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. ஐஐடி மெட்ராஸ் பல காலம் செய்ததைப்போல இவற்றில் ஒன்று இந்த மாவட்டத்துக்கு ஒரு மிரர் நடத்தலாம், இணையமில்லாப் பள்ளிகளுக்கு அதையே வட்டில் கொடுத்தனுப்பலாம். 2023 ஜனவரியில் விழுப்புரத்தில் டெபியன் சிறுமாநாடு நடத்திக் காட்டினார்கள். அது பெருநகரம் இல்லை. கணினித் துறை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இறுதியாண்டு மாணவர்களுக்கு நூலக மேலாண்மை மென்பொருளையே மறுபடி மறுபடி புராஜெக்டாகக் கொடுப்பதை விட்டு, டெபியனின் பிழைப்பட்டியலைத் திறந்து, கவனிப்பாரில்லாத தமிழ்ப் பொதி ஒன்றை எடுத்துக்கொடுங்கள். அடுத்த பதிப்பான டெபியன் 14 'ஃபோர்க்கி' என்ற பெயரில் தயாராகிக்கொண்டிருக்கிறது. அது உறைவதற்கு முன் உள்ளே போவதுதான் அதன் ஆயுள் முழுக்கக் களஞ்சியத்தில் நிற்கும்.